மார்பு நாற்பத்திரண்டு

மாஸ்டர் காணாமல் போய் முப்பத்தெட்டு நாள் ஆன பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில், அவர் ஏன் போனார் என்று முடிவு கட்டுவதற்காக அவர் வீட்டு முன்னறையில் நாலு பேர் கூடினார்கள். முடிவு கட்டச் சொன்னது போலீஸ். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு முந்தின நாள் மழையில் நனைந்துகொண்டு வந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"திங்கக்கிழமை மேலதிகாரி எல்லா ஃபைலையும் பார்க்கப் போறார்மா. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அது காலியாக் கிடக்கு. ஏதாவது உருப்படியா எழுதினா அதைப் பிடிச்சுக்கிட்டு தேடலாம். இல்லன்னா 'தன் விருப்பத்தில் வெளியேறியவர்'னு எழுதி மூடிடுவாங்க. மூடின பிறகு யாரும் தேட மாட்டாங்க. நானே நினைச்சாலும் முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்தத் தாள் இப்போது தையல் மெஷின் மேல் இருந்தது. காற்றில் பறக்காமல் இருக்கப் பட்டன் டப்பாவை அதன்மேல் வைத்திருந்தார்கள். காரணம் என்ற கட்டம் தீப்பெட்டி அளவுதான் இருந்தது. ஐம்பத்தைந்து வயது மனிதர் வீட்டை விட்டுப் போனதை அதற்குள் எப்படி அடைப்பது என்று மாஸ்டரின் மனைவிக்கு விளங்கவில்லை. கழுத்துக்கு மட்டும் வழி வைத்த சட்டையில் ஆளை நுழைக்கச் சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு.

அவளைத் தெருவில் எல்லோரும் காஜாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக வீட்டில் உட்கார்ந்தபடி, புருஷன் வேலை பார்த்த தையல் கடைக்குக் கையால் பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டன் கட்டி, ஓரம் மடித்துக் கொடுப்பவள். ஊரில் பாதிப் பேரை அவளுக்குச் சட்டையால்தான் தெரியும். எதிரே ஒருவர் வந்தால் முகம் தெரிவதற்கு முன்னால் காலர் தெரியும். "யாரு, அந்தப் பதினஞ்சரை காலரா? நல்ல மனுஷனாச்சே" என்பாள். புருஷனோ அதற்கும் மேல். கடையில் அவர் பெயர் அரை இஞ்சு மாஸ்டர். எந்தத் துணி வெட்டினாலும் பக்கத் தையலுக்கு உள்ளே அரை இஞ்சு கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவார். முதலாளி துணி வீண் என்று எத்தனையோ தடவை கத்திப் பார்த்துவிட்டார். "உடம்பு இன்னைக்கு இருக்கிற மாதிரி நாளைக்கு இருக்காது முதலாளி. பிரிச்சு விடத் துணி இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் அரை இஞ்சு விட்டே வெட்டுவார்.

புகார் கொடுக்கப் போன முதல் நாள் ஏட்டு அங்க அடையாளம் கேட்டபோது, காஜாக்கா அழுகையை நிறுத்திவிட்டுத் தெளிவாகச் சொன்னாள். "மார்பு நாற்பத்திரண்டு. இடுப்பு முப்பத்தெட்டு. தோள் பதினெட்டு. வலது தோள் கால் இஞ்சு இறக்கம். கை இருபத்திநாலு. காலர் பதினாறு." ஏட்டு பேனாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "எல்லாரும் மாநிறம், நடுத்தர உயரம்னுதான் சொல்வாங்க. இவ்வளவு கச்சிதமா யாரும் சொன்னதில்லை" என்றார். கடையின் ஆண்டு விழாவில் எடுத்த போட்டோ ஒன்றையும் கொடுத்தாள். அதில் மாஸ்டர் கன்னம் பளபளக்க, வயிறு முன்னால் வர நின்றிருந்தார். அந்த நேரத்திலும் ஏட்டின் பாராட்டு அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமைக் கூட்டத்தில் முதலில் பேசியவர் அவளுடைய அண்ணன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் மட்டும் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மாப்பிள்ளை ஊர் சுத்தப் போயிருக்கார். முப்பது வருஷம் ஒரே மேஜை, ஒரே கத்திரி. மனுஷனுக்கு வெறுத்துப் போகாதா? நாலு மாசமா தாடி வேற விட்டார். நான் அப்பவே நினைச்சேன்."

"அப்பவே நினைச்சிருந்தா அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா" என்றாள் மகள். பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் டைப் அடிப்பவள். காலிக் கட்டத்தைக் கண்டாலே நிரப்பக் கை துறுதுறுக்கும்.

"சொல்லி என்ன? நான் தினம் நானூறு கிலோமீட்டர் ஓட்டினவன். இப்ப பால் வாங்க தெருமுனை வரைக்கும் போறேன், திரும்பி வரேன். ஒருநாள் நேரா போயிட்டே இருந்தா என்னன்னு எனக்கே தோணுது. மாப்பிள்ளை செஞ்சுட்டார், அவ்வளவுதான்."

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். மாஸ்டரின் தங்கை அவள். புருஷன் வீட்டில் மாமியார் பேச்சைத் தாங்க முடியாமல் ஒரு பெட்டியோடு வெளியே வந்து பத்து வருஷமாகத் தனியாக இருப்பவள். ரொட்டிக் கடையில் வேலை. வரும்போதெல்லாம் ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவாள். சண்டை போட வந்தாலும் ரொட்டி உண்டு.

"அண்ணி, நான் சண்டைக்குச் சொல்லலை. யாரும் சும்மா வீட்டை விட்டுப் போக மாட்டாங்க. வீட்டுக்குள்ள ஏதாவது ஒரு வார்த்தை குத்தியிருக்கும். எங்க அண்ணன் வாயைத் திறந்து பேசி ஒரு வருஷம் ஆச்சு."

"திறந்தா குண்டூசி கொட்டும். வாய் நிறைய ஊசி வச்சிருக்கிறவர் எப்ப பேசினார்? கல்யாணத்தன்னைக்கே அவர் பேசினது மூணு வார்த்தை."

"சிரிப்பா இருக்கா உங்களுக்கு?"

"எனக்கா? முப்பத்தெட்டு நாளா எனக்கு வேற வேலையே இல்லை, சிரிக்கிறதுதான்" என்றாள் காஜாக்கா. நாத்தனார் ரொட்டியை அறுக்க ஆரம்பித்தாள்.

தகரக் கூரையில் மழை கொஞ்சம் ஓய்ந்தது. காஜாக்கா மடியில் இருந்த சட்டைக்குப் பட்டன் கட்டிக்கொண்டே இருந்தாள். நாலு பட்டன் கட்டி முடித்தாள். ஐந்தாவது பட்டனில் நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்.

"பொம்பளை."

"அம்மா!" என்றாள் மகள்.

"என்ன அம்மா? காரணம் கேட்டீங்க, நான் சொல்றேன். நாலு மாசமா ராத்திரி சட்டையைக் கழட்டாம படுத்தார். குளிருதாம். எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. தாடி விட்டார், அதையும் கண்ணாடி பார்த்து பார்த்து ஒழுங்கு பண்ணிக்கிட்டார். எந்தச் சட்டை போட்டாலும் அளவெடுத்து ஒட்டவச்ச மாதிரி இருந்துச்சு. இந்த வயசுல எதுக்கு அவ்வளவு நேர்த்தி? யாருக்குக் காட்ட?"

நாத்தனார்கூட அண்ணனுக்காக வாதாடவில்லை. மகள் மட்டும் தாளை எடுத்து மடித்துக்கொண்டு, "மூணு பேர்கிட்ட கேட்டா மூணு அப்பா வர்றார். இதுல எந்த அப்பாவை நான் எழுதுறது?" என்றாள்.

காஜாக்கா ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு எழுந்தாள். அழுது தீர்த்த பிறகு அவளுக்குள் மிச்சம் இருந்தது ஒரே ஒரு குறுகுறுப்புதான். இருபத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்த ஆளை அவள் எங்கே தவறவிட்டாள்? பொம்பளை என்றால் பொம்பளை, போகட்டும். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

கடையில் மாஸ்டரின் மேஜையில் இப்போது வேறு யாரோ நின்று வெட்டிக்கொண்டிருந்தான். அவன் கத்திரி ஓடும் சத்தமே அவளுக்குப் பிடிக்கவில்லை. துணியைக் கடித்துக் கடித்துப் போனது. முதலாளி நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். தேநீர் வரவழைத்தார்.

"எனக்குத் தெரியும் காரணம்" என்றார், குரலைத் தாழ்த்தி. "புதுசா மாடி வச்சுக் கட்டியிருக்கானே, அந்தத் தையல் கடைக்காரன். அவன்தான் கொத்திக்கிட்டுப் போயிருக்கான். வேற ஊர்ல ஒரு கிளை போட்டு அங்க உட்கார வச்சிருப்பான். நல்ல கைக்காரனை யாரும் விட்டு வைக்க மாட்டாங்கம்மா. என்கிட்ட இருந்து இதோட மூணாவது ஆள்."

"வீட்ல சொல்லாமலா?"

"சொன்னா நீங்க என்கிட்ட சொல்லிடுவீங்கன்னு பயந்திருப்பார்."

பிறகு அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்து வைத்தார். மாஸ்டரின் பெரிய கத்திரி, சுண்ணக்கட்டி டப்பா, மர அளவுகோல். எல்லாவற்றுக்கும் மேலே நீலக் கோடு போட்ட துணியில் வெட்டிய துண்டுகள் சுருட்டிக் கிடந்தன.

"இது யாருதுன்னு தெரியலைம்மா. அன்னைக்கு அவர் கடைசியா வெட்டினது. வெட்டின துணிக்கு எப்பவும் பில் நம்பர் சீட்டு குத்தி வைப்பார், இதுல சீட்டே இல்லை. யாரும் வந்து கேட்கவும் இல்லை. ஒரு கை வெட்டாமலே கிடக்கு."

காஜாக்காவுக்கு மூக்கு வியர்த்தது. முப்பது வருஷத்தில் சீட்டு குத்தாமல் மாஸ்டர் ஒரு கைக்குட்டைகூட வெட்டியதில்லை. துண்டுகளை விரித்துப் பார்த்தாள். இரண்டு முன்பாகம், முதுகு, தோள்பட்டி, காலர், வலது கை. இடது கைக்குச் சுண்ணத்தால் கோடு போட்டது போட்டபடி இருந்தது. கத்திரி படவே இல்லை.

கடைக்குப் பின்னால் இஸ்திரி போடும் அறை. அங்கே மாஸ்டரோடு பதினைந்து வருஷம் சேர்ந்து சாப்பிட்ட இஸ்திரிக்காரர் இருந்தார். ஆவியில் நின்று நின்று முகம் எப்போதும் வேர்த்திருக்கும். அவளைக் கண்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னைக் கேட்டா முதலாளி வாய்தான் காரணம்க்கா. நாலு பேர் முன்னாடி அரை இஞ்சுன்னு கிண்டல் பண்ணுவார். என்னையும்தான் பண்ணுவார். ரோஷம் இருக்கிறவன் எத்தனை நாள் தாங்குவான்?"

"அன்னைக்கு என்ன நடந்துச்சு? முதல்ல இருந்து சொல்லுங்க."

"புதன்கிழமை. பதினோரு மணி இருக்கும். ஒரு கையை வெட்டினார். இன்னொரு கைக்குக் கத்திரியை எடுத்தார், கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னார், கீழ வச்சார். நூல் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனார். கழுத்துல டேப் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. புதன்கிழமைன்னா எப்பவும் போறதுதான், அதனால நான் கண்டுக்கலை."

"எப்பவும்னா?"

"நாலஞ்சு மாசமா. புதன்கிழமை பதினோரு மணிக்கு நூல் வாங்கப் போவார், ரெண்டு மணிக்கு வருவார். நூல் கொண்டு வந்து நான் பார்த்ததில்லை."

இஸ்திரிக்காரர் பெட்டியைத் தொட்டார், எடுக்கவில்லை. பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னொண்ணு இருக்கு. இத்தனை நாளா சொல்ல வாய் வரலை. நீங்க கொடுத்து விடுற சாப்பாட்டை ரெண்டு மூணு மாசமா நான்தான் சாப்பிட்டேன். 'எனக்கு இறங்கலை, நீ சாப்பிடு, வீட்ல சொல்லாதே'ன்னு டப்பாவைத் தள்ளி விடுவார். நல்லா இருந்துச்சுக்கா சாப்பாடு. அதான் நானும் ரொம்பக் கேட்கலை."

"சாப்பிடாம ஆள் மெலியலையா?"

"மெலியலையே. சட்டை தொளதொளன்னு ஆகியிருந்தா எனக்குத் தெரியாதா? துணியைப் பார்க்கிற கண்ணு இது. கடைசி நாள் வரைக்கும் கச்சிதமா இருந்துச்சு."

அது அவளுக்கும் நியாயமாகப் பட்டது. துணி பொய் சொல்லாது என்பது அந்தக் கடையில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய விஷயம். ஆள் மெலியவில்லை, டப்பாவைத் தொடவில்லை, புதன்கிழமை தோறும் மூன்று மணி நேரம் காணவில்லை. அப்படியானால் வேறு எங்கோ, வேறு யார் கையாலோ சாப்பிட்டிருக்கிறார். குடையை விரித்து மழையில் திரும்பி நடந்தாள். பொம்பளை என்று காலையில் சொன்னபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அவளுக்குப் படுக்கையில் முதுகைக் காட்டியதை மன்னித்துவிடலாம். சாப்பாட்டை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டதை மன்னிக்க முடியும் என்று தோன்றவில்லை.

ஆனாலும் வழியெல்லாம் ஒரு விஷயம் அவளைச் சுரண்டிக்கொண்டே வந்தது. அண்ணன் ஊர் சுற்ற ஏங்குகிறார், அதனால் மாஸ்டர் ஊர் சுற்றப் போனார். நாத்தனார் பேச்சு தாங்காமல் வீட்டை விட்டவள், அதனால் மாஸ்டரும் பேச்சு தாங்காமல் போனார். முதலாளிக்கு ஆள் போய்விடுவானோ என்ற பயம். இஸ்திரிக்காரருக்கு முதலாளிமேல் கோபம். ஒவ்வொருவரும் தங்கள் அளவுச் சட்டையை மாஸ்டருக்கு மாட்டிப் பார்க்கிறார்கள். தன் காரணமும் அப்படித்தானோ என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு வருஷமாகத் தன்னை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்ற குறை அவளுக்கு இருந்தது உண்மை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் அவள் நீலக் கோடு துண்டுகளை மெஷின் மேல் பரப்பினாள்.

"இதை ஓட்டுத்தையல் போட்டு இணைச்சுப் பார்க்கப் போறேன். சட்டை ஆனா உடம்பு தெரியும். உடம்பு தெரிஞ்சா ஆள் யாருன்னு தெரியும்" என்றாள் மகளிடம்.

"பொம்பளைன்னீங்களே. இது ஆம்பளைச் சட்டை."

"அந்தப் பொம்பளைக்குத் தம்பி, அண்ணன் இருக்கக்கூடாதா? நூலைக் கோர்த்துக் கொடு."

வெட்டிய துண்டை இணைப்பது அவளுக்குப் புது வேலை இல்லை. ஆனால் இந்தத் தடவை விரல் மெதுவாகத்தான் போனது. முதலில் தோள்பட்டியில் முதுகைச் சேர்த்தாள். பிறகு முன்பாகங்கள். மாஸ்டர் போட்ட சுண்ணக்கோட்டின் மேலேயே நீள நீளமாகத் தையல் ஓட்டினாள். பக்கத்தைச் சேர்க்க வரும்போது கோட்டுக்கு வெளியே துணி அதிகம் இருந்தது. அரை இஞ்சு விடுவது அவர் வழக்கம்தானே என்று கவனிக்காமல் மடித்து உள்ளே தள்ளினாள். வலது கையை மாட்டினாள். ஒரு கை உள்ள சட்டையை இரண்டு பேரும் எட்ட நின்று பார்த்தார்கள்.

"என்னம்மா இது, ஹேங்கருக்குத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

அவள் சொன்னது சரி. தோள் அகலமாக இருந்தது. உடம்பு கீழே ஒடுங்கிப் போயிருந்தது. காஜாக்கா டேப்பை எடுத்து அளந்தாள். தோள் பதினெட்டு. மார்புக்கு உரிய அளவைக் கணக்குப் போட்டால் முப்பத்தாறுதான் வந்தது. காலர் பதினாலரை. பெரிய எலும்பு, சின்ன உடம்பு. ஊரில் அவளுக்குத் தெரிந்த எல்லாச் சட்டையையும் மனதுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தாள். தபால்காரருக்குத் தோள் பதினேழு. எதிர் வீட்டுக்காரர் ஒல்லிதான், ஆனால் குட்டை.

"வலது தோள் கால் இஞ்சு இறங்கியிருக்கு பாரு" என்றாள்.

"கத்திரி பிடிக்கிறவங்களுக்கு அப்படித்தான் இறங்கும்னு அப்பா சொல்வாரே."

"அப்ப இது இன்னொரு கட்டிங் மாஸ்டர். முதலாளி சொன்னது சரிதான் போல. அந்த மாடிக் கடைக்காரன் ஆள் யாரோ."

தோள் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்க, ஆணியில் தொங்கிய புருஷனின் சட்டை ஒன்றை எடுத்துவரச் சொன்னாள். காணாமல் போன நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. அதற்கு முன்னாலும் தொட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து தன் சட்டையைத் தானே துவைத்து, தானே தேய்த்து, தானே தொங்கவிடுவார். இஸ்திரி விஷயத்தில் பெண்டாட்டியைக்கூட நம்பாத மனிதர். அதை விரித்து, அதன்மேல் ஒரு கைச் சட்டையை வைத்தாள். பெரிய சட்டை சுற்றிலும் வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லை. தோளுக்குத் தோள், பக்கத்துக்குப் பக்கம், ஓரத்தோடு ஓரம் வந்து நின்றது.

"வேற யார் சட்டையையோ எடுத்துட்டு வந்துட்டே."

"அப்பாவோடதும்மா. பையில பேனா மைக்கறை இருக்கு பாருங்க."

காஜாக்கா சட்டையை உள்பக்கம் திருப்பினாள். பக்கத் தையலுக்கு உள்ளே துணி பட்டையாக மடிந்து கிடந்தது. அரை இஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இஞ்சு. அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஐந்து தையல் வரிசை ஓடியது. வெளியே இருந்தது பழைய தையல், நூல் மங்கிப் போயிருந்தது. உள்ளே வர வர நூல் புதிதாக இருந்தது. கடைசி வரிசை நேற்றுப் போட்டது மாதிரி இருந்தது. மீதிச் சட்டைகளையும் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஆறு சட்டையிலும் ஐந்து வரிசை.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "என்னம்மா?"

"பிடிச்சிருக்கார்" என்றாள் காஜாக்கா. "உடம்பு இறங்க இறங்கச் சட்டையை உள்ள பிடிச்சுத் தைச்சுக்கிட்டே வந்திருக்கார். நாம சட்டையைத்தான் பார்ப்போம்னு அவருக்குத் தெரியும்."

தாடி கன்னத்தையும் காலருக்குள் இளைத்த கழுத்தையும் மறைக்க விட்டது. சட்டையோடு படுத்தது விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாமல் இருக்க. டப்பாவைத் தள்ளிவிட்டது உண்மையாகவே இறங்காமல். யாருக்குக் காட்ட இந்த நேர்த்தி என்று அவள் கேட்டாளே, அவளுக்குத்தான். அவளுக்குக் காட்டத்தான், அல்லது காட்டாமல் இருக்கத்தான். ஊர்க்காரர் காலரையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவள் சொந்தப் புருஷன் கழுத்து ஒன்றரை இஞ்சு இளைத்ததைப் பார்க்கவில்லை. அதை நினைத்தபோது அவளுக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தில்தான் மறுபடியும் வாய்விட்டு அழுதாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அழுகை பாதியில் நின்றது. காஜாக்கா தலையை நிமிர்த்தினாள்.

"நான் ஸ்டேஷன்ல என்ன சொன்னேன்?"

"என்ன சொன்னீங்க?"

"மார்பு நாற்பத்திரண்டுன்னு சொன்னேன். அந்தப் போட்டோவையும் கொடுத்தேன். எல்லா ஆஸ்பத்திரியிலயும் விசாரிச்சாச்சு, அப்படி ஒரு ஆள் இல்லைன்னு ஏட்டு சொன்னாரே. எப்படி இருப்பார்? அவங்க தேடினது கனத்த ஆளை."

திங்கட்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஸ்டேஷன் திறந்து பெருக்கிக்கொண்டிருக்கும்போதே காஜாக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கைச் சட்டையும் ஏட்டு கொடுத்த தாளும். ஏட்டு வந்து தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"காரணம் எழுதிட்டீங்களாம்மா?"

"இல்லைங்க. முதல்ல அளவை மாத்தணும்."

"எந்த அளவை?"

"ஆளோட அளவை. மார்பு முப்பத்தாறு. இடுப்பு முப்பது. காலர் பதினாலரை. தோளும் கையும் பழையபடிதான், எலும்பு குறையாது. தாடி இருக்கும். பார்த்தா ஒரு அறுபத்தஞ்சு வயசு சொல்லலாம்."

ஏட்டு ஃபைலைத் திறந்து பழைய தாளையும் போட்டோவையும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "அம்மா, இது வேற ஆளு."

"ஆமாங்க. இந்த ஆளை நாம இன்னும் தேடவே இல்லை."

அவள் நடந்ததைச் சொன்னாள். ஐந்து தையல் வரிசையை, சாப்பாட்டு டப்பாவை, புதன்கிழமை பதினோரு மணியை. ஏட்டு கேட்டு முடித்ததும் பேனாவை உருட்டிக்கொண்டே, "புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்னு நினைக்கிறீங்களா?" என்றார்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இப்ப எதையும் நானா சொல்றதில்லைன்னு இருக்கேன்."

"அப்ப காரணம்? நோவுக்குப் பயந்து போயிட்டார்னு எழுதவா? தப்பா நினைக்காதீங்க. இந்த மாதிரி ஆளுங்க சில பேர் வீட்டுக்குப் பாரமா இருக்கக்கூடாதுன்னு, உயிரை முடிச்சுக்கவே போயிடுவாங்க. அப்படி எழுதினாலும் மேல உள்ளவர் மூடத்தான் சொல்வார்."

அவள் அதையும் யோசித்துப் பார்த்திருந்தாள். விடியும் வரை அதைத்தான் யோசித்தாள். விடிந்த பிறகு, ஓட்டுத்தையலைப் பிரிக்கலாம் என்று சட்டையை மறுபடி கையில் எடுத்தபோதுதான் அவசரத்தில் கவனிக்காமல் மடித்துத் தள்ளிய துணி கண்ணில் பட்டது. இப்போது சட்டையை மேஜைமேல் வைத்து, உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலை விரலால் பிரித்துக் காட்டினாள்.

"இதைப் பாருங்க. யாருக்கு வெட்டினாலும் உள்ள அரை இஞ்சு விடுவார். அதுக்கு மேல விட மாட்டார். இது அவர் தனக்குன்னு வெட்டினது. அளந்து பாருங்க, எவ்வளவு விட்டிருக்கார்னு."

ஏட்டு மேஜை இழுப்பறையில் துழாவி ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தார். "ஒண்ணரை இஞ்சு."

"ரெண்டு பக்கமும், முன்னாடியும் பின்னாடியும். எல்லாத்தையும் பிரிச்சு விட்டா எவ்வளவு வரும் தெரியுமா? ஆறு இஞ்சு கூடி நாற்பத்திரண்டு வரும். முடிச்சுக்கப் போற மனுஷன் இவ்வளவு துணியை உள்ள விட்டு வெட்ட மாட்டார். ஏன் போனார்னு எனக்குத் தெரியலை. ஏன் ஒரு கையை விட்டுட்டுப் போனார்னும் தெரியலை. உடம்பு தேறும்னு நினைச்சார். அது மட்டும் எனக்குத் தெரியும்."

ஏட்டு அந்த மடிப்பைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு காரணம் என்ற கட்டத்தில் 'விசாரணையில் உள்ளது, புதிய அடையாளம் கிடைத்துள்ளது' என்று பொடி எழுத்தில் நெருக்கி எழுதினார். பழைய தாளில் இருந்த நாற்பத்திரண்டை ஒரு கோட்டால் அடித்தார். புதுத் தாளை எடுத்து, "சொல்லுங்க, மார்பு எவ்வளவு சொன்னீங்க?" என்றார்.

"முப்பத்தாறு" என்றாள் காஜாக்கா. அவர் பேனாவைத் தாளில் வைக்கப் போகும்போது கையை நீட்டித் தடுத்தாள். "அதை மட்டும் பென்சில்ல எழுதுங்க. வெட்டி நாற்பது நாள் ஆச்சு. இப்ப குறைஞ்சிருந்தாலும் குறைஞ்சிருக்கும், கூடியிருந்தாலும் கூடியிருக்கும்."

ஏட்டு பேனாவை மூடி வைத்துவிட்டு, பென்சில் தேடினார்.